பொருநைக் கரையும் அளவை மூன்றும்

பொருளை உள்ளவாறு அறிதற்குக் கருவியாவது அளவை. எண்ணல், நிறுத்தல், முகத்தல், நீட்டல் என்பன பண்டங்களின் அளவைக் காட்டுமாறு போலக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் பொருள்களின் உண்மையைக் காட்டும். அளவைகளை ஆறென்பாரும் பத்தென்பாரும் உளராயினும், அவையனைத்தும் இம்மூன்றனுள் அடங்குமென்பது சிவஞான சித்தியார் அளவையியலில் அருணந்தி சிவாசாரியார் நிறுவிய முடிபு. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே காட்சியென்பதும், ஏதுவானது துணியப்படும் பொருளோடு நீங்காத் தொடர்புடையதாயின் மட்டுமே கருதல் செல்லுமென்பதும், பொய்யா உரையே உரையென்பதும் ஆண்டுப் பெறப்படும்.

இவ்விலக்கணம் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுண்மை துணிதற்பொருட்டு எழுந்ததேயாம். ஆயினும் மொழி, அரசு, வழிபாடு, குடிவாழ்க்கை என்பவற்றை ஆராயும் உலகியல் ஆராய்ச்சிக்கும் இதுவே உரைகல்லாதற்குத் தடையில்லை. இறைவனருளிய ஆகமவுரையும் மக்கள் எழுதிவைத்த உரையும் ஒருதன்மையன அல்ல. மக்களுரையை அதன் தகுதியறிந்தே கொள்ளவேண்டும். இவ்வேறுபாட்டை மனத்திருத்திக்கொண்டு, பொதியிலில் தோன்றி ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓடிக் கடல் சேரும் பொருநையாற்றின் கரையில் நடந்த ஆராய்ச்சிகளின் வரலாற்றை ஈண்டு நோக்குவாம். ஏட்டாராய்ச்சி, மொழியாராய்ச்சி, கல்வெட்டாராய்ச்சி, அகழாய்வு, நாட்டுப்பாடல் ஆராய்ச்சி ஆகிய ஐந்தும் திருநெல்வேலிச் சீமையாகிய இவ்வொரு நிலத்தில் நிகழ்ந்துள்ளன. ஒவ்வொன்றும் தன் அளவையின் எல்லைக்குள் நின்றபொழுது மெய்கண்டது. எல்லை கடந்தபொழுது வழுவியது. இதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் கருத்து.

1. முனிவர் காட்டிய வழி

ஆராய்ச்சியென்பது மேனாட்டார் வந்தபின் நாம் கற்ற வித்தையென்று கருதுவார் உளர். அவர் பாபநாசத்துக்கு அணித்தாயுள்ள விக்கிரமசிங்கபுரத்தை நினைப்பாராக. 1785இல் இறைவனடி சேர்ந்த சிவஞான முனிவர் பிறந்த ஊர் அது. சிவஞானபோதத்துக்கு மாபாடியம் இயற்றிய அப்பெரியார், தருக்கசங்கிரகத்தைத் தமிழாக்கினார்; தொல்காப்பியப் பாயிரத்துக்கும் முதற் சூத்திரத்துக்கும் விருத்தி வரைந்தார்; இலக்கண விளக்கத்தை மறுத்துச் சூறாவளியென்னும் கண்டனநூலும் செய்தார்.

சூத்திரவிருத்தியில் முனிவர் கையாண்ட முறையே நாம் கருதற்குரியது. முன்னையுரையாசிரியர்தம் பெருமையை அவர் குறைத்துக் கூறினாரல்லர். பெருமைபற்றி அவர் கூற்றையெல்லாம் ஒப்புக்கொண்டாருமல்லர். ஒருவர் கூறிய பொருளை முதற்கண் எடுத்தோதி, அது பொருந்தாமைக்குக் காரணங் காட்டி, பின்னரே தம் கருத்தை நிறுவுவர். பிறர்கோட் கூறல், மறுத்தல், தன்கோள் நிறுவல் என்னும் இம்முறை வாதத்துக்கு மட்டுமன்றி வரலாற்றாராய்ச்சிக்கும் உயிர்நிலையாம். பிறர் கூற்றை உள்ளவாறு எடுத்துரையாது மறுப்பவன் தன் மனத்திலுள்ள நிழலோடு போர்செய்பவனாவன்.

மாபாடியம் நெடுங்காலம் ஏட்டளவில் நின்று, 20ஆம் நூற்றாண்டிலேயே முழுமையும் அச்சேறியது. இத்துணைப் பெருநூலும் ஒரு மடத்தின் ஏட்டுக்கட்டினுள் அடங்கியிருந்தமையை நோக்கின், ஏடுகளைக் காத்தலும் தேடுதலும் எத்துணை இன்றியமையாதன என்பது விளங்கும். ஆகலின் அடுத்து ஏடுகளின் செய்தியைக் கூறுவாம்.

2. ஏடு

பொருநைக் கரையூர்களில் புலமைத் தொழிலையே குடித்தொழிலாகக் கொண்ட கவிராயர் குடும்பங்கள் பல இருந்தன. திருவைகுண்டம் குமரகுருபர அடிகளைத் தந்த ஊர். அதற்கு அணித்தாயுள்ள ஆழ்வார்திருநகரியில் கவிராயர் வீடுகளில் பரம்பரையாகச் சேர்ந்த ஏடுகள் நிறைந்திருந்தன. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முயன்ற உ. வே. சாமிநாதையர் இவ்வூர்களுக்கு வந்து ஏடு தேடியதையும், ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீட்டில் தாம் நாடிய ஏட்டைக் கண்டதையும் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கின்றனர். பத்துப்பாட்டு 1889இல் வெளிவந்தது. வைணவத் திருப்பதியொன்றில் காக்கப்பட்ட ஏடு சைவராகிய ஐயர் கைக்கு வந்து, முருகப்பெருமான்மீது பாடப்பெற்ற திருமுருகாற்றுப்படையை முதலிற்கொண்ட தொகைநூல் செம்மையுற உதவியது. தமிழ்ப் புலமைக்குச் சமய வேலி தடையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஏட்டாராய்ச்சியில் முதலில் வேண்டப்படுவது குற்றமற்ற காட்சி. புள்ளியில்லாத எழுத்தும், ஏகார எகர வேறுபாடில்லாத வடிவும், காலும் ரகரமும் ஒன்றாய்த் தோன்றும் நிலையும் ஏட்டிற் பயின்று வரும். அவற்றை ஐயமற உணர்ந்தபின்னரே கருதலுக்கு இடமுண்டு. பல ஏடுகளை ஒப்புநோக்கி எது மூலபாடம், எது எழுதுவோர் பிழை, எது பின்னோர் சேர்த்தது என்று துணிவது கருதலின் பாற்பட்டது.

இத்துறையில் திருநெல்வேலி தந்த பெருமகன் ச. வையாபுரிப்பிள்ளை. 1891இல் இச்சீமையிற் பிறந்த அவர், 1926 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் பதிப்பாசிரியராயிருந்து அதனை நிறைவேற்றினார். சைவசித்தாந்த மகாசமாசம் 1940இல் வெளியிட்ட சங்க இலக்கியத் தொகுதியும் அவர் பதிப்பித்ததே. பல நூல்களின் காலத்தை அவர் பிற்படுத்திக் கூறியது அறிஞர் பலருக்கு உடன்பாடன்று. அம்முடிபுகளிற் சில பின்வந்த சான்றுகளால் அசைந்தும் போயின. ஆயினும் சைவசமூகம் தன் பதிப்புப் பணியைக் கடுமையான ஆராய்ச்சியாளர் ஒருவர் கையில் ஒப்புவித்த துணிவு போற்றற்பாலது. காலத்தைப்பற்றிய கொள்கை வேறு, பாடத்தைக் காணும் கண் வேறு என்பதை அந்நாளைய சமாசத்தார் நன்குணர்ந்திருந்தனர். 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகமும் இச்சீமையின் ஏட்டுச்செல்வத்தை அச்சிட்டு உலகுக்கு ஈந்தமை அன்பர்கள் அறிந்ததே.

3. மொழி

ஏடு ஒரு நூலின் பழைய வடிவைக் காட்டும். நூல்கட்கு முற்பட்ட மொழியின் வடிவைக் காட்டாது. அதனைக் கருதலளவையாலேயே துணியவேண்டும். அத்துணிவுக்கு இவ்வாற்றுக்குத் தெற்கேயுள்ள தேரிமணற் காட்டில் ஓர் ஊர் இடமாயிற்று. அயர்லாந்திற் பிறந்த கால்டுவெல், 1841இல் இடையன்குடிக்கு வந்து தங்கிக் கிறித்தவ சமயப்பணி செய்தார். 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழும் அதன் இனமொழிகளும் வடமொழியினின்று பிறந்தனவல்ல, தனிக்குடும்பமே என்பதை விரிவாக நிறுவியது. இக்கருத்தை 1816இலேயே எல்லிசு சென்னையில் வெளியிட்டிருந்தாராயினும், பலமொழிகளின் வேற்றுமையுருபு, எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினைவிகுதி என்பவற்றை நிரைநிரையாக வைத்து ஒப்பிட்டு மெய்ப்பித்த பெருமை கால்டுவெலுக்கே உரியது.

இவ்வொப்பிலக்கணம் கருதலளவையின் வெற்றியென்க. கடன்சொல் எம்மொழியினும் புகும். ஆகலின் சொல்லொற்றுமை மட்டும் உறவுக்கு ஏதுவாகாது. உருபும் விகுதியும் எளிதிற் கடனாக வாரா. ஆகலின் அவற்றின் ஒற்றுமை உறவுக்குத் தக்க ஏதுவாம். இனமொழிகளில் உளதாய் ஏனையவற்றில் இலதாய் நிற்றலின், இது சபக்கத்தில் உண்மையும் விபக்கத்தில் இன்மையும் உடைய நல்லேதுவேயாம்.

அதே அறிஞர் 1849இல், அத்தேரிக்காட்டில் வாழும் நாடார் சமூகத்தாரைக் குறித்து ஒரு சிறுநூல் எழுதினார். அவர்தம் வழிபாட்டைப் பேய்வழிபாடென்றும், அவர் அறிவொழுக்கங்களைத் தாழ்ந்தனவென்றும் அதிற் கூறினார். அச்சமூகத்தார் கல்வி பெற்று எழுந்தபொழுது, அந்நூலைக் கண்டித்துப் பல்லாண்டுகள் எழுதினர். முடிவில் அந்நூல் வழக்கினின்று நீங்கியது. மொழியாராய்ச்சியில் அத்துணை நுணுக்கமுடையவர் இதில் வழுவியது எங்ஙனமெனின், கூறுதும். ஒப்பிலக்கணத்தில் அவர் பல மொழிகளைப் பேசுவோர் வாயுரையையும் நூலுரையையும் ஏற்றுக் கருதினார். சிறுநூலிலோ, ஆராயப்படுவோர் தம்மைப்பற்றிக் கூறும் உரையை அளவையாகக் கொள்ளாது, தாம் புறத்தே கண்டதையும் தாம் கொண்டுவந்த கொள்கையையுமே அளவையாக்கினார். திரிபுக்காட்சியின்மேற் கட்டிய கருதல் எத்துணைக் கற்றோர் செய்ததாயினும் நில்லாது.

4. கல்

மக்கள் தம்மைப்பற்றித் தாமே கூறிய உரை நெடுங்காலம் அழியாது நிற்பது கல்லில். அதற்கு எடுத்துக்காட்டாக ஆற்றின் மேற்பகுதியிலுள்ள அம்பாசமுத்திரத்துக்குச் செல்வாம். ஆங்குள்ள எரிச்சாவுடையார் கோயிலில் வரகுண பாண்டியரின் வட்டெழுத்துச் சாசனம் ஒன்றுளது. வெங்கையா என்னும் கல்வெட்டறிஞர் அதனைப் படித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்டார். அவ்வூருக்கு அன்று இளங்கோய்க்குடி என்று பெயர். அரசர் 290 காசு கொடுத்து அவ்வூர்ச் சபையார் கையில் வைத்தார். முதல் கெடாமல், காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல்லாக 580 கலம் நெல்லைச் சபையார் அளக்கவேண்டும். அந்நெல்லால் இறைவனுக்கு நாடோறும் நான்குபொழுது திருவமுது படைக்கப்படவேண்டும்.

இச்சிறு கணக்கில் எத்துணைச் செய்திகள் அடங்கியுள்ளன! நாளொன்றுக்கு ஒன்றரைக் கலத்தினும் சற்று மிகுதியான நெல் ஒரு கோயிலின் திருவமுதுக்கு வகுக்கப்பட்டது. காசு வழங்கிய நாட்டில் வட்டி நெல்லாக அளக்கப்பட்டது. அரசன் கொடையை அழியாது காக்கும் பொறுப்பு ஊர்ச்சபையிடம் இருந்தது. இவ்வாறு வழிபாடு கற்பார்க்கும் பொருளியல் கற்பார்க்கும் ஊராட்சி கற்பார்க்கும் ஒரே கல் ஆசிரியனாயிற்று.

இக்கல்லோடு தொடர்புடைய வினா ஒன்று சைவவுலகில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றது. திருக்கோவையாரில் வரகுணன் பெயர் இரண்டிடங்களில் வருகின்றது. கல்வெட்டாலும் செப்பேட்டாலும் அறியப்படும் வரகுணப் பெயருடைய பாண்டியர் இருவரும் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இடைப்பட்டவர். ஆகலின் மணிவாசகப் பெருமான் அக்காலத்தை ஒட்டியவர் என்பர் ஒருசாரார். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பெருமான் பெயர் வெளிப்படையாக இல்லாமையையும் அவர் துணைக்கொள்வர். மறைமலையடிகள் 1930இல் வெளியிட்ட 'மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்' என்னும் பெருநூலில் அவர் 3ஆம் நூற்றாண்டினர் என்று வாதித்தார். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலின் குறிப்பு அப்பர் திருவாக்கிற் காணப்படுதலால் பெருமான் மூவர்க்கும் முற்பட்டவர் என்பது அச்சாரார் வாதங்களுள் ஒன்று.

இவ்வழக்கில் அளவை எத்துணைத் தூரம் செல்லும் என்பதை நிதானிப்பாம். அம்பாசமுத்திரச் சாசனம் வரகுணன் என்றோர் அரசன் இருந்தமையையும் அவன் சிவத்தொண்டு செய்தமையையும் காட்டும். இது காட்சி. அவ்வரசனே கோவையார் குறித்த வரகுணன் என்பது கருதல். இருவரும் ஒருவரென்றற்குப் பெயரொற்றுமையும் சிவபத்தியும் ஏதுக்களாம். அப்பெயருடைய வேறோர் அரசன் முற்காலத்து இருந்தானென்றற்குக் கல்லிற் சான்று கிடையாதாகலின் இக்கருதல் வலியுடைத்தே. இதனை மறுப்பார், முற்பட்ட வரகுணன் ஒருவனைச் சான்றாற் காட்டும் கடப்பாடுடையர். திருத்தொண்டத்தொகையில் பெயரில்லாமையாகிய ஏதுவோ அத்துணை வலியுடையதன்று. ஒரு நூலிற் கூறாமை இல்லாமைக்கு எப்பொழுதும் ஏதுவாகாது. எனவே எமக்கு வரகுணனால் வந்த கருதலே மிகுதியும் பொருத்தமாகப்படுகின்றது.

இங்ஙனம் கூறுதலால் திருவாசகத்தின் பெருமைக்கு யாதேனும் குறைவுண்டோவெனின், இல்லை. திருவாசகத்தின் பொருள் நூற்றாண்டு ஏறுதலால் ஏறுவதுமன்று, இறங்குதலால் இறங்குவதுமன்று. பழமையே பெருமையென்று கொண்டு காலத்தை முன்னே தள்ளுதல் திருவருளைக் காலத்துக்கு அடிமைப்படுத்துவதாய் முடியும். அம்பாசமுத்திரத்துக்கு எதிர்க்கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியிற் பிறந்த நீலகண்ட சாத்திரியார், கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் துணையாகக்கொண்டு பாண்டியர் வரலாற்றை 1929இல் நூலாக்கினார். அவர்தம் முடிபுகளில் உடன்படாதவரும், சான்றைச் சான்றென்றும் ஊகத்தை ஊகமென்றும் பிரித்துக் காட்டும் அவர் முறையை மேற்கொள்ளல் நன்று.

5. மண்

கல்லெழுத்துக்கு முற்பட்ட காலத்தைக் கூறுவது மண். ஆற்றின் கீழ்ப்பகுதியில் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 100 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடைய பழைய இடுகாடு. 1876இல் பெர்லின் நகரத்துச் சாகர் என்பார் அங்கே தோண்டித் தாழிகளையும் கலங்களையும் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். பின்னர் அலெக்சாந்தர் இரீயா 1899 முதல் சில ஆண்டுகள் முறையாக அகழ்ந்தார். பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்கள், விலங்கும் பறவையும் அமைந்த வெண்கல மூடிகள், இரும்பு வாள், வேல் முதலியனவும், நெல்லுமியும் கிடைத்தன. அவற்றின் பட்டியல் 1915இல் வெளிவந்தது. பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

இப்பொருள்கள்மேற் கருதல் பல எழுந்தன. வேலும் சேவலுருவும் கிடைத்தமையால் அங்கே முருகவழிபாடு நிகழ்ந்ததென்றனர் சிலர். கேட்டற்கு இனிதாயினும் இக்கருதலை அளவையில் நிறுத்துக் காணவேண்டும். வேல் முருகனுக்கும் உரியது. போர்மறவனுக்கும் வேட்டுவனுக்கும் உரியது. விபக்கத்தினும் காணப்படும் ஏது துணிவு பயவாது. வேறு சான்று வருங்காறும் இதனை இயைபுடைய ஊகமென்று நிறுத்தலே முறை. மண்டையோடுகளை அளந்து, 1930இல் சுக்கர்மன் முதலியோர் அம்மக்களின் இனத்தைத் துணிய முயன்றனர். எலும்பின் அளவே இனத்தைக் காட்டுமென்னும் கொள்கை இன்று அறிவியலாரால் கைவிடப்பட்டது.

இந்தியத் தொல்லியல் துறை 2004இல் மீண்டும் அகழ்ந்து 160க்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டது. அவ்வகழ்வின் கரிமக் காலக்கணிப்பு 2019இலேயே வெளிப்பட்டது. ஒரு மாதிரி கி. மு. 905ஐயும் மற்றொன்று கி. மு. 696ஐயும் ஒட்டியதெனத் தெரிந்தது. கண்டதைப் பதினைந்தாண்டு கூறாது வைத்திருத்தல் காணாமையோடு ஒக்கும். சாகர் கொண்டுசென்றது பொருளைத்தான்; வெளியிடப்படாத அகழ்வு பொருளின் உரையையே கொண்டுபோகின்றது.

ஆதிச்சநல்லூருக்கு அயலதாகிய சிவகளையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019 முதல் சில பருவங்கள் அகழ்ந்தது. தாழியொன்றிற் கிடைத்த நெல் கி. மு. 1155ஐச் சேர்ந்ததென்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் வெளியான அறிக்கையோ, சிவகளை இரும்பின் காலம் கி. மு. 3345 வரை செல்லும் என்றது. இவ்விரண்டு முடிபும் ஒரே ஊரின. ஆயினும் இரண்டின் ஏதுவும் ஒருதன்மையன அல்ல. நெல் ஓராண்டில் விளைந்து முடிவது. தாழியில் இட்ட நெல்லின் காலமே ஏறக்குறையத் தாழி புதைத்த காலம். கரித்துண்டோ மரத்தினின்று வந்தது; மரத்தின் உள்வயிரம் புதைத்த நாளினும் மிகப் பழையதாயிருத்தல் கூடும். கரியின் காலம் அதனோடு கிடந்த இரும்பின் காலமாதற்கு, இரண்டும் ஒருங்கே புதைந்தன என்பதும் மரம் பழமரமன்று என்பதும் துணியப்படவேண்டும். அறிக்கை வேறு மாதிரிகளையும் வேறு முறையிற் செய்த கணிப்புகளையும் உடன்காட்டியிருத்தல் அதற்கு வலிமை தருகின்றது. அறிஞருலகம் அதனை இன்னும் ஆராய்ந்து வருதல் இயல்பேயாம். நாட்டுப்பற்றால் அதனை முற்றத் துணிதலும், பகைமையால் முற்ற மறுத்தலும் அளவைநூல் கற்றார்க்கு அடாது.

மண்ணும் நூலும் ஒன்றையொன்று தாங்கி நின்றதற்கு எடுத்துக்காட்டு கொற்கை. சங்கநூல்கள் அதனை முத்துக்குளிக்கும் துறையாகப் புகழும். கி. பி. முதலிரு நூற்றாண்டுகளில் எழுதிய யவன ஆசிரியர்கள் கொல்கை என்று குறித்தனர். இன்றைய கொற்கையோ கடலினின்று சில கல் தொலைவில் வயல்நடுவே கிடக்கின்றது. கால்டுவெல் அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்து, ஆற்று வண்டலால் கடல் பின்வாங்கியதென விளக்கினார். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968ஐ அடுத்து அகழ்ந்தபொழுது கி. மு. 785ஐ ஒட்டிய கரிமக்காலம் கிடைத்தது. புலவருரை, அயல்நாட்டாருரை, மண்ணின் காட்சி, ஆற்றின் இயல்பறிந்த கருதல் என்னும் யாவும் ஓரிடத்திற் கூடினமையால் கொற்கையைப்பற்றிய துணிபு அசையாது நிற்கின்றது.

6. மக்கள்

இதுகாறும் கூறியவை கற்றோர் ஏட்டையும் அரசர் கல்லையும் இறந்தோர் தாழியையும் பற்றியன. வாழும் மக்களின் உரை எஞ்சியுள்ளது. கால்டுவெல் பேய்வழிபாடென்று தள்ளியது இவ்வுரையையே. இந்நாட்டு ஊர்த்தெய்வங்களின் கொடைவிழாவில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கதைகளுட் பல, அநியாயமாகக் கொலையுண்டவரையும் பிறர்க்காக உயிர்கொடுத்தவரையும் பற்றியன. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தவருள் முதன்மையானவர் நாங்குநேரியிற் பிறந்த நா. வானமாமலை (1917–1980). அவர் 1969இல் ஆராய்ச்சி என்னும் காலாண்டிதழைத் தொடங்கி நடத்தினார். நெல்லை ஆய்வுக் குழுவைக்கொண்டு இளையோர் பலரைப் பயிற்றினார்.

அவர் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகப் பதிப்பித்த முத்துப்பட்டன் கதை (1971) ஈண்டு நோக்கற்பாலது. பாபநாசத்துக்கு மேலுள்ள மலையிற் சொரிமுத்தையன் கோயிலில் இன்றும் வழிபடப்படும் முத்துப்பட்டன், அந்தணர் குலத்திற் பிறந்தவன். அவன் சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகளிர் இருவரை மணந்து, அவர்தம் ஆநிரையைக் காக்கப் பொருது இறந்தான் என்பது கதை. அவ்விருவரும் பிறப்பால் அந்தணப் பெண்களே, காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர் என்று கூறும் பாடமும் உண்டு. குலக்கலப்பைப் பொறாத பிற்காலத்தார் இப்பகுதியைச் சேர்த்தனர் என்பது வானமாமலையின் கருத்து.

ஏட்டுக்குச் சொல்லிய பாடவாராய்ச்சி முறை, இங்கே எழுதாப் பாட்டுக்கும் செல்லுதல் காண்க. ஒரு பகுதி ஏன் சேர்க்கப்பட்டது என்னும் வினாவுக்கு இலக்கணம் மட்டும் விடைகூறாது. அந்நாட்டுச் சாதிநிலையும் நிலவுரிமையும் அறியவேண்டும். வானமாமலை பொருண்முதற் கொள்கையினர். அவர்தம் மெய்ப்பொருட் கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் மறுபக்கத்தார் கூறினும் ஏது நல்லேதுவாயின் கொள்ளற்பாலதே. சித்தியாரின் பரபக்கம் ஒவ்வொரு சமயத்தாரின் கொள்கையையும் முதலில் எடுத்துக்கூறிப் பின்னரே மறுத்தமையை நாம் மறத்தலாகாது.

நிலவுரிமை என்றேம். அதனை ஆராய்ந்தவருள் அமெரிக்க வரலாற்றறிஞர் தாவீது இலட்டன் ஒருவர். 1985இல் வெளிவந்த அவர் நூல், திருநெல்வேலிச் சீமையை ஆற்றுப்பாசன நிலமென்றும், கலப்பு நிலமென்றும், வறள்நிலமென்றும் பகுத்து, ஒவ்வொன்றிலும் குடிகளின் உறவும் அதிகாரமும் வேறுபட்டு வளர்ந்தவாற்றைக் காட்டுகின்றது. பொருநையில் குறுக்கே நிற்கும் அணைக்கட்டுகள் எட்டனுள் ஏழு பழமையன. எட்டாவதாகிய திருவைகுண்டத்து அணை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசினராற் கட்டப்பட்டது. அணையின் நீர் எட்டிய இடத்தில் நெல் விளைந்தது. நெல் விளைந்த இடத்தில் சபையும் கற்றளியும் சாசனமும் எழுந்தன. நீர் எட்டாத தேரியில் பனை நின்றது. பனைநிலத்தில் வில்லுப்பாட்டும் மண்பீடத் தெய்வமும் நின்றன. இளங்கோய்க்குடியின் 580 கலம் நெல்லையும் தேரிக்காட்டின் கொடைவிழாவையும் ஒருங்குவைத்துக் காணாதவர்க்கு இந்நாட்டுச் சமயவரலாறு பாதியே விளங்கும்.

7. நாம் செய்யற்பாலது

மேற்கூறியவற்றாற் போந்த பொருள் இது: மொழிநூலார் மக்களுரையைத் தள்ளியபொழுது வழுவினர், அகழ்வோர் ஏதுவின் எல்லையைக் கடந்தபொழுது வழுவினர், நூலோர் கல்லை நோக்காதபொழுது வழுவினர். மூன்றளவையும் கூடிய கொற்கையில் துணிபு நிலைத்தது. ஆகலின் ஒரு துறையார் மற்றொரு துறையாரை நாடாது தனித்து நிற்றல் ஆராய்ச்சிக்குக் கேடு. ஆராய்ச்சியால் சமயம் குலையுமென்று அஞ்சுதலும், சமயத்துக்கு ஆக்கமென்று எண்ணி ஆராயாத பழமையைப் பரப்புதலும் ஆகிய இரண்டும் அளவையறியாமையின் பயனே.

சைவ அன்பர்க்கு இதில் தனிக்கடமையொன்று உண்டு. இந்நாட்டுக் கல்வெட்டுகளிற் பெரும்பகுதி நம் திருக்கோயிற் சுவர்களிலேயே உள்ளன. திருப்பணி என்னும் பெயரால் அச்சுவர்கள்மேல் வண்ணமும் சுதையும் பூசப்படுகின்றன. மணலை விசையோடு வீசிக் கற்களைத் துலக்குதலால் எழுத்துகள் தேய்கின்றன. எழுத்துள்ள கற்கள் இடமாறித் தரையிற் பாவப்படுகின்றன. வரகுண பாண்டியர் 290 காசை வைத்தபொழுது முதல் கெடாமற் காக்கச் சபையாரை ஏவினார். அம்முதல் போயிற்று, அதனைக் கூறும் எழுத்தொன்றே எஞ்சியது. அதனையும் நாம் கெடுப்போமாயின் நம்மினும் அச்சபையார் நல்லர்.

எனவே ஊர்தோறும் திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டறிந்தாரை அழைத்து எழுத்தைப் படியெடுப்பித்தலும், வீட்டிற் கிடக்கும் ஏடுகளைப் பூச்சிக்கு விடாது நூலகங்கட்கு உதவுதலும், கொடைவிழாவில் முதியோர் பாடும் கதைகளைப் பாடபேதங்களோடு எழுதிவைத்தலும், பரம்பிற் கிடைத்த ஓட்டையும் மணியையும் எடுத்து விளையாடாது உரியவர்க்கு அறிவித்தலும் நம்மாற் கூடிய தொண்டுகளாம். இவற்றைச் செய்தற்குப் பெரும்புலமை வேண்டா. பொருளை உள்ளவாறு காணவேண்டும் என்னும் விருப்பமே போதும். மெய்ப்பொருளை நாடும் சமயத்தார்க்கு உலகின் மெய்யை மறைத்தலால் ஆவதொன்றில்லை. அம்மெய்யை அளவையால் துணிந்து காத்தலும் சிவத்தொண்டின் பாற்பட்டதே என்பது எம் துணிபு.

திருச்சிற்றம்பலம்.